அவாங்கார்ட் திரைப்படம்: தமிழில் என்ன சொல்வது?

அவாங்கார்ட் பிரெஞ்சுப் படைச் சொல்: பெரும்படைக்கு முன்னே போய் வழி பார்க்கும் அணி. 1825இல் பிரெஞ்சுச் சமூகச் சிந்தனையாளர் சேன் சிமோன் வட்டத்து எழுத்தொன்று கலைஞரை அப்படி அழைத்தது. 1920களில், வழமையான கதைப்பட முறையை விட்டுப் புதிது தேடிய சினிமாவுக்கும் அந்தப் பெயர் வந்தது. இலங்கைப் பத்திரிகை வாசகருக்கு அது ஒரு கடற்பாதுகாப்பு நிறுவனத்தின் பெயராகவே பழக்கம்.

பழந்தமிழில் தார், தூசி, கொடிப்படை மூன்றும் முன்செல்லும் படைதான். ஆனால் இன்று 'தூசித் திரைப்படம்' என்றால் றீலைத் துடைக்கத்தான் ஆள் வரும். 'முன்னணி' வசூல் படத்தை நினைவூட்டும். 'முன்னோடி' நமக்கு முந்தியவரைக் குறிக்கும். ஈழத்து நாடகத்தில் ஊறிய 'பரீட்சார்த்தம்' (சோதனை முயற்சி) என்ற சொல்லே இதற்கும் பொருந்தும். வடசொல்தான், இருந்தாலும் பொருள் சரி.

இங்கே பரீட்சிக்கப்படுவது கதையல்ல, பிலிம். அமெரிக்கத் திரைக்கலைஞர் ஸ்டான் பிராக்கேஜ் 1963இல் கமெராவே இல்லாமல் ஒரு படம் செய்தார்: விட்டில் இறகு, இதழ், புல் ஆகியவற்றை 16 மில்லிமீற்றர் ஒட்டுநாடா இரண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி, அதையே அச்செடுத்தார். திரையில் இறகின் நரம்பு துடித்து ஓடும். வடமோடிக் கூத்துக் களரியில் பாரதக் கதை தெரிந்தே ஆட்டத்துக்கும் தாளக்கட்டுக்கும் விடியும்வரை இருப்பவருக்கு இந்தப் பார்வை புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருப்பவர்தான் சலித்துப்போவார்.

இத்தகைய பிலிம் சுருள்களைச் சேகரிப்பவருக்கு இழுப்பு வேறு. கழுவியதும் நேரே திரையிடக்கூடிய ரிவேர்சல் பிலிமில் எடுத்தால் நெகற்றிவ் கிடையாது. கமெராவில் ஓடிய சுருளே படம், பிரதி எடுக்காவிட்டால் உலகில் அது ஒன்றுதான். 16 மில்லிமீற்றரில் 100 அடிச் சுருள், செக்கனுக்கு 24 சட்டகம் என்றால், 2 நிமிடம் 46 செக்கனில் முடிந்துவிடும். பழைய கொடக் பிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும், படம் எடுத்த ஆண்டையல்ல. அதே குறி ஏறத்தாழ 20 ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதால் குறியை மட்டும் நம்பி விலை பேசக்கூடாது. சுருளை வாங்கினாலும் பொதுவில் திரையிடும் உரிமை அதோடு சேர்ந்து வராது.

வாவிக்கரை ஈரக்காற்றில் அசற்றேற் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த பிலிம் சிதைந்து வினாகிரி மணக்கும்; சுருங்கி, வளைந்து, புறொஜெக்ரரில் விளிம்புத் துளை கிழியும். அந்த அமில ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். மணம் வந்ததை உடனே பிரித்து வையுங்கள். இறுக மூடிய தகரப்பெட்டியில் ஆவி தங்கிச் சிதைவு விரையும். பெட்டிக்குள் பிலிம் சிதைவைச் சோதிக்கும் அமிலங்காட்டித் தாள் (A-D strip) ஒன்றை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் ஓட்டிப் பார்க்காமல் முதலில் டிஜிற்றல் பிரதி எடுக்கக் கொடுங்கள்.