தேநீரில் தேன் இல்லை

எங்கள் தெருமுனைக் கடையின் பலகையில் 'தேனீர்' என்று எழுதியிருக்கும். ரெண்டு சுழி ன. காலை ஐந்தரைக்கு அதன் கீழே நின்று முதல் வாய் குடிக்கும்போது எழுத்தைத் திருத்தும் எண்ணமே வராது. கண்ணாடி கிளாஸைப் பிடித்த விரல்களில் சூடு ஏறும். இஞ்சி மணம் முகத்தில் அடிக்கும். நேற்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த கவலை அங்கேயேதான் இருக்கும், ஆனால் அதோடு பேசிப் பார்க்கலாம் என்ற தெம்பு வந்துவிடும். இவ்வளவையும் பத்துப் பதினைந்து ரூபாய்க்குத் தருகிற ஒரு பொருளின் பெயரையாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பலகை எழுதியவர் மேல் குற்றமில்லை. நாக்கில் இனிப்பதால் தேன் என்றே மனம் படிக்கிறது. தேன், நீர் இரண்டும் சேர்ந்தால் தேனீர்தான் வரும். இலக்கணம் அதை ஒப்புக்கொள்ளும், ஆனால் பொருள் தேன் கலந்த தண்ணீர் என்றாகிவிடும். நாம் குடிப்பது தே என்ற இலையின் நீர். தே உயிரில் முடிவதால், அடுத்து வரும் நீரின் ந மாறாமல் நிற்கும். இளநீரில் நிற்பதைப் போல. நல்ல நீர் நன்னீராவதும், தண்மையான நீர் தண்ணீராவதும் முன்னே உள்ள மெய்யெழுத்து செய்யும் வேலை. இங்கே அப்படி ஒரு மெய் இல்லை. ஆகவே தேநீர்.

சரி, அந்தத் தே யாருடையது? தமிழில் ஏற்கெனவே ஒரு தே இருக்கிறது. ஓரெழுத்து ஒருமொழிகளில் அதுவும் ஒன்று, பொருள் கடவுள். தேவாரம் என்பதைத் தே, ஆரம் என்று பிரித்து, தெய்வத்துக்குச் சூட்டிய மாலை என்று சொல்வார்கள். அங்கே நடுவில் வ் வருகிறது, தேயிலையில் ய் வருகிறது. ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. அதிகாலையில் முதல் கிளாஸைக் கையில் வாங்கும்போது 'கடவுள் நீர்' என்று பொருள் சொன்னால் எனக்குச் சம்மதம்தான். ஆனால் சொல் பிறந்த இடம் அது இல்லை. அது கடல் தாண்டி வந்தது.

சீனத்தில் இந்தச் செடிக்கு எழுத்து ஒன்றுதான், ஒலிதான் ஊருக்கு ஊர் மாறும். பழங்காலத்தில் கசப்புக் கீரையைக் குறித்த ஓர் எழுத்தையே தேயிலைக்கும் எழுதினார்கள். தாங் அரச மரபின் காலத்தில் அதில் ஒரு கோட்டை நீக்கியதும் தேயிலைக்கென்று தனி எழுத்து கிடைத்தது. மேலே புல், நடுவில் மனிதர், கீழே மரம் என்று அந்த வடிவத்தைச் சீனர்கள் வேடிக்கையாகப் படித்துக் காட்டுவதுண்டு. செடிக்கு நடுவே ஒரு மனிதர்! தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாக மட்டும் தோன்றாது.

இந்த எழுத்தை வடக்கே மாண்டரினிலும் தெற்கே கான்டனீஸிலும் 'சா' என்ற ஒலியோடு படிக்கிறார்கள். ஃபூஜியன் கரையில், அமோய் துறைமுகத்தைச் சுற்றிப் பேசும் ஹொக்கியன் மொழியில் அதுவே 'தே'. உலகம் முழுக்க இந்தப் பானத்துக்கு உள்ள பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு ஒலிகளில் ஒன்றிலிருந்து வந்தவை. தரை வழியே போனது சா. பாரசீகத்தில் சாய், ருஷ்யத்திலும் துருக்கியிலும் சாய், இந்தியிலும் சாய், அரபியில் ஷாய். கப்பல் ஏறியது தே. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் ஃபூஜியன்காரர்களிடமிருந்து சரக்கோடு சொல்லையும் வாங்கி ஐரோப்பாவில் இறக்கினார்கள். கடல் வழியில் போன போர்ச்சுகீசியர் மட்டும் விலக்கு. அவர்கள் தங்கியிருந்த மக்காவ் என்ற சீனத் துறைமுகத்தில் பேசியது கான்டனீஸ் என்பதால், இன்றும் லிஸ்பனில் கேட்டால் 'ஷா'தான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. தே பழைய காலத்துப் பண்டிதர் சொல், டீதான் அசல் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு! ஆங்கிலேயரே முதலில் 'தே'யை ஒட்டித்தான் சொல்லிவந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கவிதை ஒன்றில் 'ஒபே' (obey) என்ற சொல்லோடு இது இயைபுத் தொடையாக வருகிறது. டீ என்று படித்தால் அந்த ஓசை உடைந்துபோகும். பிற்பாடு ஆங்கிலத்தில் ஏகார ஒலி ஈகாரமாகத் திரிந்தது. அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் இன்றும் 'தே' என்றே சொல்கிறார்கள். நம் தேநீரில் இருக்கும் தே, அமோய் துறைமுகத்தில் ஒலித்ததற்கு டீயைவிட நெருக்கமானது.

ஆக, தேநீர் பாதி சீனம், பாதி தமிழ். அதனால் மதிப்பு குறையுமா? நான் அப்படி நினைக்கவில்லை. காப்பிக்குக் குளம்பி என்றார்கள், கொட்டைவடிநீர் என்றார்கள். இரண்டும் மேடையோடு நின்றுவிட்டன. தேநீர் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம், வந்தவரின் பெயரை மாற்றாமல் நம் நீர்களின் வரிசையில் ஓர் இடம் கொடுத்ததுதான். இளநீர், வெந்நீர், பன்னீர், தேநீர். தெலுங்கும் இதையே செய்திருக்கிறது: இலை தேயாக்கு, பானம் தேநீரு. மலையாளம் இன்னும் சுவாரசியம். இலைக்குக் கடல் வழிப் பெயரான தேயில, குடிப்பதற்குச் சா குடும்பத்துச் சாய. நம் கன்னியாகுமரிப் பக்கத்துச் சாயாவும் அந்தக் குடும்பம்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் தினமும் வெறும் 'தே' என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஹொக்கியனிலிருந்து மலாய்க்குப் போய் அங்கிருந்து வந்தது. உயரத் தூக்கி இழுத்து ஊற்றினால் தே தாரிக். தாரிக் என்றால் மலாயில் இழுப்பது. பாலில்லாமல் வேண்டுமென்றால் தே ஓ. அந்த ஓ ஹொக்கியனில் கறுப்பு.

இலங்கைத் தமிழில் தேத்தண்ணி. தே, தண்ணீர் இரண்டும் சேரும் இடத்தில் த் மிகுந்து எவ்வளவு அழகாக ஒட்டியிருக்கிறது பாருங்கள். தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, யாரும் முரண் என்று நினைக்காமல் 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணியோடு பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொள்வார்கள். கசப்பும் துவர்ப்பும் முன்னால் வந்து, பின்னாலேயே கருப்பட்டி இனிப்பு கரையும். நான் ஒரே ஒரு முறை ஒரு நண்பர் வீட்டில் அப்படிக் குடித்தேன். அதற்கப்புறம் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்கும்போதெல்லாம் ஏதோ அவசரப்பட்டுவிட்டது போலவே தோன்றுகிறது.

பெயர்ச்சொல்லில் பாதி வெளியூர் என்றாலும், வினைச்சொல் முழுக்க நம்முடையது. ஆற்றுதல். டீ மாஸ்டர் ஒரு கையை மேலே, ஒரு கையைக் கீழே வைத்து 'ஆத்தும்போது' சூடு தணிகிறது, நுரை எழுகிறது. ஆறு என்றால் தணி. ஆற்று என்றால் தணியச் செய். புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனசு ஆறுகிறது. ஆறுதல் அதே வேரில் விளைந்த சொல்.

இதை நான் அகராதியில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவு, விடியும் முன் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். கேட்காமலேயே ஒரு கிளாஸ் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் போல. மாஸ்டர் வந்து, 'ஆறிடப் போகுது தம்பி, குடிங்க' என்றார். குடித்தேன். காசு கொடுக்கப் போனபோது, 'அப்பா நல்லாயிட்டு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். நான் திரும்பப் போய்க் காசு கொடுத்தேன், அவருக்கு என் முகம் நினைவில்லை. இப்படி எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பாரோ.

நன்றி என்ற சொல்லுக்கும் முதல் பொருள் நன்மைதான். செய்ந்நன்றி அறிதல் என்றால், நமக்குச் செய்த நன்மை எது, எங்கிருந்து வந்தது என்று அறிவது. அப்படிப் பார்த்தால் கிளாஸில் இருப்பதையும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு கிளாஸுக்கு இரண்டு கிராம் தூள் என்றால், சுமார் பத்துக் கிராம் கொழுந்து. ரெண்டு இலை, ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளியது.

கிள்ளிய கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். இலங்கையில் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் விழ, மலைகள் மெல்ல மெல்லத் தேயிலைக்கு மாறின. காப்பிக்காகக் கடல் கடந்துபோன நம் ஊர்ச் சனங்களின் பிள்ளைகளும், பின்னால் போனவர்களும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். நல்ல தூள் கப்பலேறும். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் மிஞ்சியதைக் கொதிக்கவைத்துப் பாலில்லாமல் குடித்தார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. அதை அவர்கள் சாயத்தண்ணி என்றார்கள். தேயிலையை உலகத்துக்கே பறித்துக் கொடுத்தவர்கள், தங்கள் கோப்பையில் இருந்ததற்கு வைத்துக்கொண்ட பெயர் அது.