கை: கைமாற்று முதல் கையறுநிலை வரை

மாதக் கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி, “கைமாத்தா ஒரு ஐநூறு ரூபாய் இருக்குமா? ஒண்ணாம் தேதி குடுத்துடுறேன்” என்று கேட்டார். கடன் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வட்டி, பத்திரம், சாட்சி எதுவும் கிடையாது. பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும், சொன்ன தேதியில் திரும்பி வரும். இதற்குப் பெயர் கைமாற்று. ‘ஹேண்ட் லோன்’ என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இவ்வளவு நல்ல சொல் வீட்டிலேயே இருக்கிறதே!

கை பழைய திராவிடச் சொல். மலையாளத்திலும் கன்னடத்திலும் கைதான், தெலுங்கில் செய்யி. ஆனால் நம் பேச்சில் வரும் கை பாதி நேரம் உறுப்பே இல்லை. “கல்யாணச் செலவு கையைக் கடிக்குது” என்றால் வரவை மீறிச் செலவு போகிறது. “கடைசி நேரத்துல கையை விரிச்சிட்டார்” என்றால் உதவி இல்லை என்று சொல்லிவிட்டார். விரித்த கைக்குள் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பெண் பார்க்க வந்தவர்கள் “கை நனைக்காமப் போயிட்டாங்க” என்றால் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். சம்பந்தம் இன்னும் உறுதியாகவில்லை என்பதை அந்த வீட்டார் அதிலேயே புரிந்துகொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘கை நீட்டுதல்’. ஒருவர் *மேல்* கை நீட்டினால் அடி. ஒருவரி*டம்* கை நீட்டினால் யாசகம், சில இடங்களில் லஞ்சம். “கை நீட்டிச் சம்பளம் வாங்கிட்டோம்ல” என்றால் கடமை. முன்னால் ஒட்டும் ஒரு சின்னச் சொல்லோ உருபோ முழுப் பொருளையும் திருப்பிவிடுகிறது.

லஞ்சத்துக்கு நல்ல தமிழும் இதிலிருந்தே கிடைத்திருக்கிறது: கையூட்டு. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் கைக்கு ஊட்டுவது. செய்தித்தாள்களில் இப்போது சரளமாக வருகிறது, பேச்சுக்குத்தான் இன்னும் வரவில்லை.

கையில் தொடங்குவதெல்லாம் நம் கை இல்லை. கைது, கைதி இரண்டும் கட்டு, தளை என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தவை. கைதிக்குச் சிறைவாசி என்ற சொல் இருக்கிறது. கைங்கரியம் வடமொழி; அங்கே கிங்கரன் என்றால் பணியாள், அவன் செய்யும் தொண்டு கைங்கரியம். கொத்துக்கறியைச் சொல்லும் கைமா உருது வழி வந்தது.

சரி, கை என்றால் துணை என்ற பொருளுக்கு வருகிறேன். தாத்தா இறந்த அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி, வந்தவர்களிடமெல்லாம் “எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குய்யா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வேறு வார்த்தை வரவில்லை. சங்கப் பாடல்களில் இந்த நிலைக்கு ஒரு துறையே, அதாவது பாடுபொருளின் தனி வகையே, உண்டு: கையறுநிலை. கை அற்றுப்போன நிலை, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பது. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடிய புறநானூறு 112 அந்தத் துறைதான். ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் தங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் குன்றைப் பிறர் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை.