டோர் நம்பர், கதவு எண், இலக்கம்: எது எதற்கு?

முகவரி கேட்பவர்கள் தமிழ்நாட்டில் முதலில் கேட்பது "டோர் நம்பர் என்ன?" என்றுதான். வாக்காளர் பட்டியலில் அதே விஷயம் 'வீட்டு எண்'. சொத்துவரி ரசீதில் 'கதவு எண்'. பழைய திருமண அழைப்பிதழ்களிலும் பதிப்பக விலாசங்களிலும் 'நெ. 14'. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் கடித உறையில் 'இல. 14'. ஒரே பொருளைச் சுட்டுவதற்கு இத்தனை பெயர்கள் எப்படி வந்தன, இவற்றில் எதை எங்கே எழுதலாம் என்று பார்ப்போம்.

'நெ.' என்பது நெம்பர் என்பதன் சுருக்கம். ஆங்கிலச் சொல் பேச்சில் நம்பராகவும் நெம்பராகவும் ஆகி, அச்சில் முதலெழுத்தோடு நின்றுவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் மூலம் லத்தீனின் 'நூமெருஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 'டோர் நம்பர்' என்ற சேர்க்கை தென்னிந்திய நகராட்சிகளில் ஆழமாக வேரூன்றியது. பிரிட்டனின் படிவங்களில் 'ஹவுஸ் நம்பர்' என்பதே வழக்கம். நம் நகராட்சிக்காரர்கள் வீட்டை விட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர் ஒரு வீட்டைப் பாகம் பிரித்து இரண்டு வாசல் வைத்துக்கொண்டால், கட்டடம் ஒன்றுதான், ஆனால் வரி கட்டுவோர் இருவர். அப்போது 12/1, 12/2 என்று இரண்டு எண் வேண்டியிருக்கிறது. எண் கட்டடத்தைவிட வாசலையே பின்பற்றுகிறது. ஆகவே 'கதவு எண்' நேர் மொழிபெயர்ப்பு என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

இலங்கையில் வழங்கும் 'இலக்கம்' இன்னொரு பாதையில் வந்த சொல். அகராதிகள் அதை வடமொழி லக்ஷத்தோடு இணைக்கின்றன. நூறாயிரம் என்ற பொருளும் அதற்கு உண்டு. குறி என்னும் பொருள்கொண்ட 'இலக்கு' என்ற சொல்லோடு சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். தமிழ்நாட்டில் 'ஆறு இலக்க எண்' என்கிறோம். இங்கே இலக்கம் என்றால் எண்ணுக்குள் இருக்கும் ஒற்றை உரு. இரண்டுமே நல்ல தமிழ் வழக்கு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருத்தப் புறப்படுவது தேவையில்லாத வேலை.

வீடுகளை வரிசைப்படுத்தி எண்ணிச் சொல்வது நமக்கு வெள்ளைக்காரர் காலத்தில் வந்த பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். முதலாம் இராசராசனின் கடைசி ஆண்டுகளில், ஏறத்தாழ 1014-இல், அங்கே வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று கோயில் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நானூறு பேருக்கு நெல் அளக்க வேண்டும் என்றால் யார் எங்கே இருக்கிறார் என்பது துல்லியமாகத் தெரிய வேண்டுமல்லவா? கல்வெட்டு அதைச் சொல்லும் முறையே ஒரு முகவரி முறை. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த இன்னாள். அப்புறம் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாகப் போகிறது. ஒரு சிறகு முடிந்ததும் அடுத்த சிறகு, மறுபடி தலைவீட்டிலிருந்து.

தளி என்றால் கோயில்; தளிச்சேரி அதைச் சார்ந்த குடியிருப்பு. தலைவீடு என்றால் வரிசையின் முதல் வீடு. சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. தெரு, பக்கம், வரிசையில் எத்தனையாவது என்ற மூன்றும் சேர்ந்தால் வீடு கிடைத்துவிடும். வழி கேட்கவே வேண்டாம். கதவில் எழுதி வைத்த எண்ணாக இது சொல்லப்படவில்லை, நடந்து எண்ணிச் சொன்ன எண்ணாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல எண் முறைக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. தஞ்சைப் பகுதி அக்ரகாரங்களில் 'வடக்குச் சிறகு', 'தெற்குச் சிறகு' என்ற பேச்சு அண்மைக்காலம் வரை இருந்தது. இந்தச் சொல்லை நாம் கைவிட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் இன்று உலகத்தில் பரவலாக இருக்கும் முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 1805-இல் நெப்போலியன் ஆட்சியில் பாரிஸ் நகரத்துக்கு ஒரு ஒழுங்கு வகுத்தார்கள். தெருவின் இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை. செய்ன் ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் எண் ஏறும். ஆற்றை விட்டு விலகும் தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து எண் தொடங்கும். எண்ணைப் பார்த்தாலே ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நம் சொல்லில் சொன்னால் ஒற்றைச் சிறகு, இரட்டைச் சிறகு. 'தெருவின் ஒற்றைப்படை எண்கள் அமைந்த பக்கம்' என்று நீட்டி முழக்குவதைவிட 'ஒற்றைச் சிறகு' என்பது எவ்வளவு சுருக்கம்!

எல்லா எண்ணும் வழி காட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. 1770-இல் ஆஸ்திரியாவில் அரசி மரியா தெரேசா வீடுகளுக்கு எண் போடச் சொன்னது படைக்கு ஆள் எடுப்பதற்காக. ஊர் முழுவதற்கும் ஒரே தொடர். புதிதாக ஒரு வீடு எழும்பினால் அடுத்த எண். நாளடைவில் அடுத்தடுத்த வீடுகளின் எண்களுக்குள் ஒரு தொடர்பும் இல்லாமல் போயிற்று. வியன்னா 1862-இல் தெருவாரியான எண்ணுக்கு மாறியது. அன்று அதே ஆட்சியில் இருந்த, இன்றைய செக் நாட்டுத் தலைநகரான பிராகில் இன்றும் ஒரே வீட்டில் இரண்டு பலகைகள்: சிவப்பில் பதிவேட்டு எண், நீலத்தில் தெரு வரிசை எண்.

இரண்டு எண் என்றதும் சென்னைக்காரர்களுக்கு நம் ஊர் ஞாபகம் வந்திருக்கும். பெரிய தோட்ட வீடுகள் மனைகளாகப் பிரிந்து, ஓட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்ககம் வந்து, 12, 12ஏ, 12/1 என்று எண்கள் கிளைத்துப்போன பிறகு, மாநகராட்சி தெருக்களுக்குப் புதிய எண்கள் கொடுத்தது. பழைய எண்ணோ பத்திரத்திலும் வங்கியிலும் தபால்காரர் நினைவிலும் இருந்தது. அதனால் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று சுவரில் இரண்டையும் எழுதினார்கள். இதுவரை குழப்பமில்லை. இதைச் சுருக்கிச் சாய்கோடு போட்டதில்தான் சிக்கல். சிலர் 12/27 என்கிறார்கள், சிலர் 27/12. வெளியூர்க்காரருக்கு இது பழைய எண்ணும் புதிய எண்ணுமா, அல்லது 12ஆம் வீட்டின் 27ஆம் பகுதியா என்று எப்படித் தெரியும்? கிராம ஊராட்சிகளில் 3/145 என்றால் பெரும்பாலும் மூன்றாவது வார்டின் 145ஆம் கதவு. ஆக, ஒரே சாய்கோட்டுக்கு மூன்று பொருள். பிராகிலும் சாய்கோடுதான் போடுகிறார்கள், ஆனால் முன்னால் பதிவேட்டு எண், பின்னால் தெரு எண் என்ற வரிசை மாறுவதில்லை. இங்கே அப்படியொரு உறுதி இல்லை. தெரு தெரியாமல் இருட்டில் அலையும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஹைதராபாத் காரர்கள் வார்டு, பிளாக், வீடு என்று மூன்று எண்களைச் சிறுகோட்டால் இணைத்து எழுதுகிறார்கள். எது எந்தப் பகுதி என்பது அந்த அமைப்பிலேயே தெரிகிறது.

சரி, நாம் எப்படி எழுதலாம்? பொதுவாக 'வீட்டு எண்' போதும், எவருக்கும் புரியும். ஒரே கட்டடத்தில் தனித்தனி வாசல், தனித்தனி வரி என்றால் 'கதவு எண்' பொருத்தம். இலங்கை வாசகருக்கு எழுதினால் 'இலக்கம்'. சென்னையின் இரட்டை எண்ணைச் சாய்கோட்டில் அடைக்காமல் 'பு.எண் 27, ப.எண் 12' என்று எழுதுங்கள். சில எழுத்து கூடுதல், அவ்வளவுதான். உட்பிரிவுக்கு மட்டும் சாய்கோட்டை வைத்துக்கொள்ளலாம்.

'மனை எண்' வேறு, 'புல எண்' வேறு. மனை எண் என்பது மனைப்பிரிவு வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் கொடுத்தது. புல எண் என்பது நில அளவையில் வந்த சர்வே நம்பர். வீடு கட்டி வரி விதித்த பிறகே கதவு எண் வரும். அதுவரை புறநகரில் குடியிருப்பவர் முகவரியில் 'மனை எண்' என்றே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். வெறும் 'எண்' என்று எழுதினால், பின்னால் கதவு எண் வந்ததும் ஒரே தெருவில் இரண்டு 14 இருக்கும்.