இலைக்குள் கோடு போடும் ஈ

வெலிமடைப் பக்கம் தக்காளி போட்டிருக்கும் மாமா ஓர் இலையைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். "இந்தா தம்பி, பாரு. மூணு தரம் மருந்து அடிச்சாச்சு. கோடு கூடுதே தவிர குறையல்ல." இலையில் வெள்ளைக் கோடு ஒன்று நடுநரம்பை ஒட்டி ஓடி, வளைந்து, தடித்து முடிந்திருந்தது. மாமா அதை நோய் என்று நினைத்து முதலில் பூஞ்சண மருந்து அடித்திருக்கிறார். அடுத்த இரண்டு தடவையும் கடைக்காரர் கொடுத்த பூச்சி மருந்து.

அந்தக் கோடு ஒரு சுரங்கம். தோண்டுவது ஓர் ஈயின் புழு.

இலைச்சுரங்க ஈக்களில் பல இனங்கள் உண்டு. இலங்கை மலைநாட்டில் அதிகம் தொல்லை தருவதன் பெயர் லிரியோமைசா ஹுயிடோப்ரென்சிஸ். 1926இல் ஆர்ஜென்டினாவில் ஒரு பூச்செடியிலிருந்து எடுத்து இதற்குப் பெயர் வைத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளுக்கும், 1994இல் ஜாவாவின் மலைத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நுவரெலியா உருளைக்கிழங்கிலும் கண்டுகொண்டார்கள். இந்த ஈ தானாகக் கடல் தாண்டிப் பறக்காது. பூங்கொத்திலும் கீரையிலும் நாற்றிலும், இலைக்குள் முட்டையாகவோ புழுவாகவோ ஒளிந்துதான் பயணம் செய்யும்.

இதன் உறவினங்கள் சூடான நாட்டில் சௌகரியமாக இருக்கும். இதற்கோ குளிர்தான் பிடிக்கும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவும் அதற்குக் கீழே ஊவாச் சரிவுகளும் இதற்குத் தாய்வீடு மாதிரி. உருளைக்கிழங்கு, போஞ்சி, சலாது, தக்காளி என்று எதையும் விடாது. ஒரு பாத்தியில் அறுவடை முடிந்தால் பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும்.

சரி, மருந்துக்கு ஏன் சாகவில்லை?

ஈயின் நீளம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். பெண் ஈ தன் வயிற்று நுனியால் இலையைக் குத்தி, கசியும் சாற்றை நக்கும். இலை மேல் பொட்டுப்பொட்டாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவள் வந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். ஆணுக்குக் குத்தும் கருவி கிடையாது, அவள் போட்ட துளையில்தான் அதுவும் குடிக்கும். சில துளைகளில் மட்டும் முட்டை வைப்பாள். சில நாட்களில் பொரிக்கும் புழு, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள பச்சைச் சதையை வாயிலுள்ள கொக்கியால் சுரண்டித் தின்றுகொண்டே முன்னேறும். புழு பருக்கப் பருக்க கோடும் அகலமாகும். வளர்ந்து முடிந்ததும் தோலில் பிறை வடிவில் ஒரு கீறல் போட்டு வெளியே வந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூடாகும். முட்டையிலிருந்து ஈ வரை மூன்று வாரம் போதும், குளிர் கூடினால் ஒரு மாதத்தைத் தாண்டும்.

அதாவது முட்டை இலைக்குள், புழு இலைக்குள், கூடு மண்ணுக்குள். இலை மேல் அடிக்கிற சாதாரண மருந்துக்குச் சிக்குவது பறக்கும் ஈ மட்டுமே. நாளைக்குப் புதிய ஈ மண்ணிலிருந்து கிளம்பி வரும். தலைமுறை இவ்வளவு சீக்கிரம் மாறுவதால், மருந்துக்குத் தப்பிய ஈக்களின் பிள்ளைகளே மிஞ்சி, கொஞ்ச காலத்தில் அந்த மருந்தே பலிக்காமல் போகும்.

ஆனால் மாமாவின் தோட்டத்தில் கோடு *கூடியதற்கு* வேறொரு காரணம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே பெரிய ஆள் ஈ இல்லை, குளவிதான்.

கொட்டும் குளவியை நினைக்க வேண்டாம். இது எறும்பை விடச் சிறியது, பல இனங்கள் உலோகம் போல மினுங்கும். டிக்லிபஸ் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் குளவி இலை மேல் நடந்து சுரங்கத்தில் புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். தோலுக்கு மேலிருந்தே புழுவைக் கொட்டி முடக்கி, பக்கத்தில் ஒரு முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு பொரித்து, அசையாமல் கிடக்கும் ஈப்புழுவைத் தின்று தீர்க்கும். அப்புறம் கூடாவதற்கு முன், சுரங்கக் கூரை தன் மேல் சரியாமல் இருக்க, தன் கழிவையே சிறு தூண்களாக நிறுத்தி முட்டுக் கொடுக்கும்! பசித்தால் தாய்க் குளவி முட்டை வைக்காமலே புழுவைக் குத்திச் சாறு குடித்துவிட்டும் போகும். அதுவும் நமக்கு லாபம்தான்.

இந்தக் குளவி இலை மேலே திரிகிறது. கடை மருந்து முதலில் கொல்வது இதைத்தான். புழு உள்ளே பத்திரமாக இருக்க, அதைத் தேடி வந்தவர் செத்துப்போகிறார். மருந்து அடித்த பிறகு பீடை கூடுவதன் கணக்கு இவ்வளவுதான்.

அதற்காக மருந்தே ஆகாது என்று சொல்லவில்லை. அபமெக்டின் இலைத் தோலுக்குள் ஊறிப் புழுவை எட்டும், மேலே மிஞ்சுவது வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். சைரோமசின் புழு சட்டை கழற்றுவதைக் குழப்பும். கோடு கூடிப்போனால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, மாற்றி மாற்றி, அளவோடு அடிக்கலாம். ஆனால் அடியிலைகளில் நாலு கோடு இருப்பதால் தக்காளி விளைச்சல் விழுந்துவிடாது, செடி அவ்வளவு நோஞ்சான் இல்லை. பழத்துக்கு நிழல் தரும் இலைகள் கருகத் தொடங்கினால்தான் கவலை. வெயில் நேரே பட்டுப் பழம் வெளிறும்.

மஞ்சள் பொலித்தீனில் கிரீஸ் பூசிச் செடியின் உச்சி மட்டத்தில் கட்டினால் ஈக்கள் ஒட்டும். கொஞ்சம் குளவியும் ஒட்டத்தான் செய்யும், அதனால் கண்ட இடமெல்லாம் கட்டாமல், நாற்று நட்ட முதல் வாரங்களில் ஈ வந்துவிட்டதா என்று பார்க்க வைப்பதே நல்லது. அறுவடை முடிந்த கொடியைப் பாத்தி ஓரத்தில் குவித்து வைப்பது மட்டும் கூடாது. அது ஈப்பண்ணை.

குளவி இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கோடு விழுந்த இலைகளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் போதும். மஞ்சளும் கறுப்புமாக வந்தால் ஈ. அதைவிட ஒல்லியாக, பச்சை மினுக்கத்தோடு, நீண்ட உணர்கொம்போடு வந்தால் குளவி.

மாமா வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றில் மருந்து அடித்த பாத்தி இலை, மற்றதில் லயத்துக்குப் பின்னால் தானாக முளைத்த, யாரும் மருந்து காட்டாத தக்காளியின் இலை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு மாமா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஜாம் போத்தல் இரண்டும் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அத்தை கேட்கிறார்.