டக்டுக்குள் ஒரு புகை உணர்வி: காற்று நின்றால் அதற்குக் கண் தெரியாது

மையக் குளிரூட்டல் உள்ள கட்டடங்களில் பிரதான டக்டுக்குள், அதாவது காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்க்குள், காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுவது சாதாரணம். அந்தக் கணக்கில், 60 மீட்டர் தள்ளியிருக்கும் அறைக்குப் புகை 12 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். இடையில் எத்தனை சுவர், எத்தனை கதவு இருந்தாலும் பயனில்லை. டக்ட் அத்தனையையும் துளைத்துக்கொண்டுதான் போகிறது. தீ ஒரு மூலையில் எரியும். அதன் புகையை ஏஹெச்யூ, அதாவது காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் இயந்திரம், தன் விசிறியால் உறிஞ்சி, தீயே இல்லாத அறைகளுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கும்.

லாஸ் வேகாஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் ஓட்டலில் 1980 நவம்பர் 21 காலையில், கீழ்த்தளத்து உணவகத்தில் பிடித்த தீ சூதாட்டக் கூடத்தைச் சுட்டெரித்தது. 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருந்தது தீ எட்டியே பார்க்காத மேல் மாடிகளில், கொன்றது புகை. லிப்ட் குழிகள், படிக்கட்டுகள், கட்டடத்தின் இணைப்பு இடைவெளிகள் வழியே ஏறிய புகைக்கு நிற்காமல் ஓடிய காற்றோட்ட அமைப்பும் துணைபோனது. கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலையிலும் தீ பிடித்தது அடித்தளத்தில்தான். கண்ணாடி போட்டு அடைத்த அந்தக் கட்டடத்தில் புகை மேலே ஏறி, ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள்.

இப்படிப்பட்ட பரவலைத் தடுக்கத்தான் டக்டின் பக்கவாட்டில் டக்ட் டிடெக்டர் என்ற, புகையை உணரும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். அதன் முதல் வேலை விசிறியை நிறுத்துவது. தூங்குகிறவரை எழுப்புவதும், எந்த அறையில் தீ என்று காட்டுவதும் அறைக் கூரையில் இருக்கும் டிடெக்டரின் வேலை. இந்த வேறுபாடு பிடிபடாத வரை டக்ட் டிடெக்டரைச் சரியாகப் பராமரிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பத்து அறைகளின் காற்று, அதைத் திரும்ப எடுத்துவரும் ஒரே ரிட்டர்ன் டக்டில் சமமாகக் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறையில் மட்டும் புகை எழுந்தால், டக்டுக்கு வரும்போது அதன் அடர்த்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு, அறைக்குள் வைக்க வேண்டிய டிடெக்டருக்கு மாற்றாக இதைக் கருதக் கூடாது என்கிறது.

கருவியின் அமைப்பு எளிமையானது. பெட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் டக்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமானது சாம்பிளிங் குழாய். புல்லாங்குழலைப் போல அதில் வரிசையாகத் துளைகள் உண்டு. அவை காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அதன் கடைசி முனை அடைப்பானால் மூடப்பட்டிருக்கும். குட்டையான இன்னொரு குழாய், காற்று போகும் திசையைப் பார்த்தபடி இருக்கும். எதிர்க்காற்று துளைகளில் மோதும்போது அங்கே அழுத்தம் கூடுகிறது. குட்டைக் குழாயின் பின்புறம் குறைகிறது. அந்த வேறுபாடே காற்றின் ஒரு சிறு பங்கைப் பெட்டிக்குள் தள்ளி, மறு குழாய் வழியே டக்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. வழக்கமான டக்ட் டிடெக்டரில் தனி விசிறியோ பம்போ கிடையாது. பெட்டிக்குள் இருண்ட அறை ஒன்றில் ஒரு எல்இடி விளக்கும், அதன் ஒளி நேராகப் படாத கோணத்தில் ஓர் ஒளி உணர்வியும் இருக்கின்றன. புகைத்துகள் நுழைந்தால் ஒளி சிதறி உணர்வியில் விழும், ரிலே என்ற மின்சுவிட்ச் மாறும், ஏஹெச்யூ மோட்டார் நிற்கும், டக்டை அடைக்கும் தகடுகளான டேம்பர்கள் மூடும்.

நுட்பம் எல்லாம் அந்த அழுத்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஓடும் காற்றை நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 10 மீட்டரில் சுமார் 60 பாஸ்கல். 5 மீட்டரில் 15. இரண்டரை மீட்டரில் 4 கூட இல்லை. வேகம் பாதியானால் உந்துவிசை கால்வாசி. இன்று பரவலாக விற்கும் மாதிரிகள் பலவற்றுக்கு 0.01 அங்குல நீர்மட்டம், அதாவது சுமார் இரண்டரை பாஸ்கல், கீழெல்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ, பெல்ட் தளர்ந்தாலோ, மின்சாரத்தை மிச்சப்படுத்த விசிறி வேகத்தை யாராவது குறைத்துவைத்தாலோ, டிடெக்டர் அந்த எல்லைக்குக் கீழே நழுவிவிடும். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். தீ எச்சரிக்கைப் பேனலிலும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பெட்டிக்குள் காற்றே போயிருக்காது. இரவில் ஏஹெச்யூவை நிறுத்திவிட்டால் அது முழுக் குருடு. அந்த நேரத்திலும் காவல் தேவைப்படும் இடங்களுக்குத் தானே காற்றை உறிஞ்சும் வேறு வகைக் கருவி வேண்டும்.

எங்கே பொருத்துவது? என்எஃப்பிஏ 90ஏ விதிப்படி, நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேல் காற்று தள்ளும் அமைப்புகளில் சப்ளை பக்கம், அதாவது அறைகளுக்குக் காற்று போகும் பக்கம், ஃபில்டரைத் தாண்டி, முதல் கிளைக்கு முன்னால் ஒன்று வேண்டும். ஃபில்டரே தீப்பற்றினாலும் மோட்டார் கருகினாலும் அது பிடித்துவிடும். 15,000 கன அடியைத் தாண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட மாடிகளுக்குச் சேவை செய்தால், ஒவ்வொரு மாடியின் ரிட்டர்ன் காற்றும் பொது டக்டில் கலப்பதற்கு முன் ஒன்று. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் புகை தெரிந்ததும் ஏஹெச்யூ தானாக நிற்கவும் டேம்பர்கள் மூடவும் வேண்டும் என்கிறது. வளைவுக்குப் பிறகு காற்று சுழன்று அடுக்கடுக்காகப் பிரிந்து ஓடுவதால், டக்ட் அகலத்தைப் போல ஆறு மடங்காவது தள்ளிப் பொருத்துவது நல்லது. நெருக்கடியான ஏஹெச்யூ ரூமில் அவ்வளவு நேர் டக்ட் கிடைப்பது அரிது. அங்கே அழுத்தத்தை அளந்து பார்த்து இடம் தேர்வதைத் தவிர வழியில்லை. குளிர்விக்கும் காயிலை ஒட்டி வைத்தால், சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் குளிர்ந்த பெட்டிக்குள் நீர்த்துளி கோக்கும். நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். வெளிக்காற்று எடுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகைபோக்கி இருந்தாலும் பொய் எச்சரிக்கைதான்.

இனி பராமரிப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிடுவதும் ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்பதும் என்எஃப்பிஏ 72 சொல்லும் குறைந்தபட்சம். நடைமுறையில் பல இடங்களில் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த) ஆட்கள் வந்து, பெட்டியில் காந்தத்தை வைத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் பதிவேட்டில் 'சரி' போட்டுவிட்டுப் போகிறார்கள். காந்தம் காட்டுவது மின்சுற்று உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும். குழாய் திசை மாறித் திரும்பியிருக்கலாம். துளைகள் தூசியால் அடைபட்டிருக்கலாம். முனை அடைப்பான் விழுந்திருக்கலாம். காந்தச் சோதனையில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவராது.

முதலில் விசிறி வழக்கமான வேகத்தில் ஓடும்போதே இரு குழாய்களுக்கும் இடையே மேனோமீட்டர் என்ற அழுத்தமானியை இணைத்து அழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள எல்லைக்குள் அது இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணையே எழுதிவைக்க வேண்டும். போன ஆண்டு 14 பாஸ்கல், இந்த ஆண்டு 5 என்றால், ஃபில்டரைப் பார்க்கச் சொல்லி அந்த எண்ணே கூப்பிடும். அடுத்து பெட்டி மூடியின் ரப்பர் பட்டை. ரிட்டர்ன் டக்டுக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைவு. பட்டை தேய்ந்திருந்தால் ஏஹெச்யூ ரூமின் சுத்தமான காற்று உள்ளே கசிந்து, வருகிற கொஞ்சப் புகையையும் நீர்த்துப்போகச் செய்யும். அதன் பிறகுதான் புகை ஸ்ப்ரே, அதுவும் கையேடு அனுமதிக்கும் வகை. கண்ட ஸ்ப்ரேயை அடித்தால் எண்ணெய்ப் படலம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். தூசியை வாக்குவம் வைத்து இழுத்து, பிறகு உலர்ந்த காற்றால் ஊதுவது போதும். கட்டடத்தில் ஜிப்சம் வேலையோ தரை இழைப்போ நடந்தால் அட்டவணைக்குக் காத்திராமல் உடனே செய்ய வேண்டிய வேலை இது.

டிடெக்டர் புகையைக் கண்டுகொண்டதோடு சோதனை முடிந்துவிடாது. ஏஹெச்யூ உண்மையிலேயே நின்றதா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் பேனலில் மேனுவல், ஆட்டோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வயரிங் தவறாக இருந்தால், மேனுவலில் இருக்கும்போது டிடெக்டரின் கட்டளை மோட்டாரை எட்டவே எட்டாது. இரு நிலைகளிலும் சோதிக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. விசிறி வேகத்தை மாற்றும் டிரைவில், அதைத் தவிர்த்து மோட்டாரை நேரடியாக ஓட்டும் பைபாஸ் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். இதைவிடக் கொடுமை, பொய் எச்சரிக்கைத் தொல்லை தாங்காமல் டிடெக்டரின் கட்டளை பலிக்காதபடி ரிலேயின் குறுக்கே யாரோ போட்டுவிட்டுப் போன ஜம்பர் கம்பி. தொல்லைக்கான காரணம் ஈரமா, தூசியா, இடமா என்று தேட அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளைச் செலவிடத்தான் வேண்டும். டேம்பர் முழுதாக மூடுகிறதா என்பதையும் ஆய்வுக் கதவைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். விசிறி ஓடும்போது டேம்பர் மூடினால் டக்ட் உப்பிப் பிளக்கவோ உள்ளொடுங்கவோ கூடும்; எனவே எது முதலில் நடக்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

எல்லா விசிறிகளும் நிற்க வேண்டியவை அல்ல. படிக்கட்டில் காற்றழுத்தம் ஏற்றும் விசிறியும் அடித்தளப் புகையை வெளியேற்றும் விசிறியும் தீயின்போதுதான் ஓட வேண்டும். பேனல் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த டிடெக்டர் எந்த விசிறியைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

சோதனைக்கு முன் கட்டுப்பாட்டு அறைக்கும் தீயணைப்பு நிலையத்தோடு இணைப்பு இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் டிடெக்டரில் புகை தங்கவில்லை என்று உறுதிசெய்து ரீசெட் செய்து, டேம்பர் திறந்த பிறகே விசிறியை ஓடவிட்டு, சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பி, மேனோமீட்டருக்காகக் கழற்றிய மூடிகளை மறுபடி மாட்டி, தேதியும் அழுத்த எண்ணும் விசிறி நிற்க எடுத்த நொடிகளும் பதிவேட்டில் ஏற வேண்டும்.