கட்டிங் மாஸ்டருக்கு அளவு தெரியணும், காஸ்ட்டிங் தெரியக்கூடாது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஸ்டைல் நம்பர் பேரில் ஒரு ஃபோல்டர் போட்டு, டெக் பேக் (உடையின் வடிவமைப்பு விவரம்), அளவுப் பட்டியல், பையர் கமென்ட்ஸ், காஸ்ட்டிங் ஷீட் (அடக்கவிலை, லாபக் கணக்கு) எல்லாவற்றையும் அதற்குள்ளேயே வைப்பது வழக்கம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கட்டிங் மாஸ்டருக்கு அளவுப் பட்டியல் மட்டும் போதும். லாபக் கணக்கு அவர் கண்ணில் படக்கூடாது. ஆகவே ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் காஸ்ட்டிங்கைத் தனியாகப் பூட்ட வேண்டிவரும். 300 ஸ்டைல் என்றால் 300 பூட்டு. ஒன்றை மறந்தாலும் விலை வெளியே போய்விடும்.

இந்த ஃபோல்டர்கள் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரான சர்வர் எப்படி ஆளை அறிகிறது என்று பார்த்தால் இதற்கு வழி தெரியும். விண்டோஸில் ஒவ்வொரு லாகினுக்கும், ஒவ்வொரு குரூப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. காலையில் லாகின் செய்யும்போது உங்கள் எண்ணும், நீங்கள் சேர்ந்த குரூப்களின் எண்களும் டோக்கன் என்ற அடையாளச் சீட்டில் ஏறுகின்றன. எந்த எண்ணுக்கு என்ன உரிமை என்ற பட்டியல் ஃபோல்டரில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் சர்வர் கதவைத் திறக்கிறது. பெயரைப் பார்ப்பதே இல்லை. நின்றுபோன மெர்ச்சண்டைசரின் லாகினை அழித்துவிட்டு, அவர் திரும்பி வந்ததும் அதே பெயரில் புதிதாகப் போட்டால் பழைய உரிமை வராததற்குக் காரணம் இதுதான். எண் வேறு. ஆள் நின்றால் லாகினை முடக்குங்கள், உடனே அழிக்க வேண்டாம்.

இன்னொன்று, ஒருவரைக் குரூப்பில் சேர்த்ததும் அவருக்கு ஃபோல்டர் திறக்காது. டோக்கன் பழையது, லாக் ஆஃப் செய்து திரும்ப வரவேண்டும். இது தெரியாமல் அவசரத்தில் எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்துவிட்டு, அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

உள் ஃபோல்டர்கள் மேல் ஃபோல்டரின் பட்டியலைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் மேல்மட்டத்திலேயே ஆர்டர், காஸ்ட்டிங், அக்கவுண்ட்ஸ், சம்பளம் என்று பிரித்து, அந்த நான்கிலும் தனி ஆளுக்கு இல்லாமல் அந்தந்தக் குரூப்புக்கு மட்டும் உரிமை கொடுங்கள். ஆர்டர், காஸ்ட்டிங் இரண்டிலும் உள்ளே பையர், சீசன், ஸ்டைல் நம்பர் என்று ஒரே வரிசை இருந்தால் தேடுவதும் சுலபம். 'மறுப்பு' (Deny) போடாதீர்கள்: இரண்டு குரூப்பில் இருப்பவருக்கு உரிமைகள் கூடும், ஆனால் ஒரே ஃபோல்டரில் ஒரு குரூப்புக்கு மறுப்பு இருந்தால் அதுவே ஜெயிக்கும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் உரிமை (நெட்வொர்க்கில் பகிர்ந்த இடத்துக்கானது), ஃபோல்டர் உரிமை இரண்டையும் பார்த்து, எது இறுக்கமோ அதையே சர்வர் எடுக்கும்.

ஒரே டிரைவுக்குள் ஃபைலை இழுத்துப் போட்டால் பழைய உரிமைப் பட்டியலும் கூடவே வரலாம். காப்பி செய்தால் புது இடத்தின் பட்டியல்தான் ஒட்டும்.

சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் யூனிட்டுக்கும் கூகுள் டிரைவில் அனுப்பும்போது 'லிங்க் உள்ள எவரும்' என்று வைக்காதீர்கள். அந்த லிங்க் வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறினாலும் வேலை செய்யும். அவர்களின் மெயில் ஐடிக்கு, பார்க்கும் உரிமை மட்டும் போதும்.

ஃபைல் பெயரில் 2025-03-14 என்று வருடத்தை முதலில் எழுதினால் தேதி வரிசை கலையாது. ஃபோல்டர் பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள். முழுப் பாதை 260 எழுத்தைத் தொட்டால் பல புரோகிராம்கள் திறக்க மறுக்கும்.

எல்லாம் முடிந்ததும் கட்டிங் குரூப்பில் ஒரு சோதனை லாகின் போட்டு, கட்டிங் ஹால் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து திறந்து பாருங்கள். உரிமை இல்லாததை மறைக்கும் வசதியை ஷேரில் இயக்கியிருந்தால், காஸ்ட்டிங் என்ற பெயரே அங்கே தெரியாது.