மல்லாட்டைக் குவியலுக்குள் வளரும் நஞ்சு

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் ஆடிப்பட்டத்தில் விதைக்கிற மானாவாரி மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஒரு சங்கடம் உண்டு. சுமார் 105 நாள் பயிர் அது. ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்வதும் அப்போதுதான். மழைக்குப் பயந்து செடியோடு குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நனையாமல் தப்பித்தது என்று நிம்மதியாகிறோம். ஆனால் அப்போதுதான் பிடுங்கிய காயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம்தான். மூடிய குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும்.

அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. அது உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் தரும் என்பது உறுதியான நஞ்சு இது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. அவித்தாலும் அப்படித்தான்.

பூஞ்சை களத்தில் புதிதாக வந்து சேர்வதில்லை, நம் மண்ணிலேயே இருக்கிறது. கடைசி மூன்று, நான்கு வாரம் மழை ஏமாற்றிவிட்டால் மண் சூடேறும். ஓட்டில் வெடிப்பு விழும். காய் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களும் நின்றுபோகும். கிணறு இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் ஒரு தண்ணீராவது விட்டுவிடுங்கள். 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயைத் திரட்சியாக்கும், ஓட்டையும் கெட்டியாக்கும். இதைப் பலரும் மகசூலுக்காகத்தான் போடுகிறார்கள். போகட்டும், எதற்காகப் போட்டாலும் நல்லதுதான்.

பிடுங்கிய பிறகுதான் உண்மையான வேலை. வெயில் கிடைக்கும்போது செடிகளைத் தலைகீழாக, காய் மேலே பார்க்கும்படி வரிசையாகப் போடுங்கள். காயைப் பறித்ததும் மெல்லிசாகப் பரப்பி, ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவிடுங்கள். ஈரமானி இல்லையா? காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். மழை விடாமல் பெய்தால் கொட்டகையிலோ திண்ணையிலோ காற்றோட்டமாகப் பரப்பி, அடிக்கடி கிளறுங்கள். இடம் போதாது என்றாலும் குவித்து மட்டும் மூடாதீர்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. மெஷினில் உடைக்கும்போது பருப்பு பிளக்கக்கூடாது என்று, நன்றாகக் காய்ந்த காய் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம். முழுப் பருப்பு கூடும், எடையும் கூடும், உண்மைதான். ஆனால் அந்த ஈரத்தோடு மூட்டை கட்டி அடுக்கினால், வாரக்கணக்கில் காயவைத்த உழைப்பெல்லாம் வீண். தெளித்தே ஆக வேண்டுமென்றால், உடைத்த பருப்பை மறுபடி காயவைக்காமல் சாக்கில் போடாதீர்கள்.

அப்புறம் கழிவு. சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை பூத்தது என்று பொறுக்கி எடுக்கிறோமே, நஞ்சு பெரும்பாலும் இருப்பது அவற்றில்தான். நிறைய இடங்களில் அவை குப்பைக்குப் போவதில்லை, செக்குக்குப் போகின்றன. சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சின் ஒரு பகுதி இறங்கும். மிச்சம் புண்ணாக்கில் தங்கும். புண்ணாக்கைத் தின்ற கறவை மாட்டின் பாலில் அது எம்1 என்ற வடிவில் வெளிவரும். இந்திய விதிப்படி பாலில் இதற்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அந்த அளவு கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. வீட்டுக்கு எண்ணெய் ஆட்டும்போது விலை போகாத பருப்பைக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணெயை ஊற்றிச் சமைப்பதும் பாலைக் குழந்தைக்குக் காய்ச்சுவதும் அதே வீட்டில்தானே. பூஞ்சை பிடித்ததைத் தனியாக எடுத்து, மாடும் கோழியும் கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.